ஒரு முழம் கிழக்கே

நான் பார்த்துக்கொள்கிற அரங்கம் முதலில் மக்காச்சோளக் குடோன். கள்ளக்குறிச்சியில் இருந்து கச்சிராயபாளையம் போகிற ரோட்டில் இருக்கிறது. தகரக் கூரை, இரும்புத் தூண், சிமெண்டுத் தரை. மில்லுக்காரருக்கு ஒரு வருஷம் சோளத்தில் வெறுப்பு வந்துவிட்டது. சுவருக்கு நீல பெயிண்ட் அடித்து, தரையில் கபடி மேட் போட்டு, வாசலில் உள்விளையாட்டு அரங்கம் என்று எழுதி வைத்துவிட்டார். எலிகளுக்கு இன்னும் சேதி போய்ச் சேரவில்லை.

கதவு திறப்பது, பெருக்குவது, மேட் போடுவது என் வேலை. மேட் என்றால் ஒரே துண்டு இல்லை. ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் ரப்பர் பலகை. ஓரத்தில் பல் இருக்கும். ஒன்றின் பல்லை இன்னொன்று கடித்துக்கொள்ளும். வெள்ளைக் கோடு மேட்டின் மேலேயே ஒட்டியிருக்கும். மேட் போகிற இடத்துக்குக் கோடும் கூடவே போகும். இதை ஞாபகம் வைத்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

கூரை மேற்கு மூலையில் ஒழுகும். மழை பெய்தால் மேட்டின் ஓரத்தில் சொட்டும். ஈர மேட்டில் கால் வைத்தால் முட்டி போய்விடும். மில்லுக்காரரிடம் சொன்னேன். அவர் ஆள் விட்டுப் பார்த்தார். வந்த ஆள் கூரையைப் பார்த்தான், டீ குடித்தான், போய்விட்டான். அத்தோடு கூரை சரியாகிவிட்டது என்று மில்லுக்காரர் முடிவு செய்துகொண்டார்.

"ஒழுகுதுன்னு ஒரு வார்த்தை வெளிய போச்சுன்னா, அன்னைக்கே சாவியக் குடுத்துட்டுப் போய்க்கினே இரு" என்றார்.

அதற்குப் பிறகு நான் பேசவில்லை. மழை பெய்த மறுநாள் விடிகாலையில் என் வீட்டுக்காரியும் நானும் வருவோம். மேட்டை வரிசை வரிசையாகக் கழற்றி ஒரு முழம் கிழக்கே தள்ளிப் போடுவோம். என் கை முழம். ஒரு மணி நேரம் ஆகும். அப்புறம் சொட்டு வெறும் தரையில் விழும். அங்கே ஒரு வாளி வைப்பேன். சத்தம் வராமல் இருக்க வாளிக்குள் பழைய லுங்கி. வாளிக்கு முன்னால் ஒரு பேனர். வீட்டில் ஒழுகினால் கட்டிலை நகர்த்துகிறோம். அந்த மாதிரிதான் இதுவும். யாரும் கண்டுபிடித்ததில்லை. மழை விட்டதும் பழைய இடத்துக்கே இழுத்துவிடுவோம்.

இப்படி இருக்கும்போது ஐப்பசியில் ஒரு முகாம் வந்தது.

வெளியூர் கம்பெனி ஒன்று பெண்கள் கபடி அணி வைத்திருக்கிறது. பாடிப் போகிற ஆட்டக்காரி இரண்டு பேர் அவர்களுக்கு வேண்டும். எடுத்தால் கம்பெனியிலேயே நிரந்தர வேலை. திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாள் ஆடவைத்துப் பார்ப்பார்கள். எட்டு பேர் வந்திருந்தார்கள். அதில் ஒருத்தி என் கொழுந்தியாள்.

என் வீட்டுக்காரியின் தங்கை. கல்வராயன் மலையிலேயே கட்டிக் கொடுத்தது. நாலு வயதில் ஒரு பெண் பிள்ளை. பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு இறங்கி வந்திருந்தாள். அவளுக்கு வயது இருபத்தேழு. இருபத்தெட்டுக்கு மேல் கம்பெனியில் எடுக்க மாட்டார்கள். புருஷன் பஸ் ஏற்றிவிடும்போதே சொல்லிவிட்டானாம், இதுதான் கடைசி, இல்லை என்றால் சாமை அறுப்புக்கு வந்துவிடு என்று. அவள் அதை எங்களிடம் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் கொண்டுவந்த பையை அவள் பிரிக்கவே இல்லை.

அவள் ஆட்டம் தனி. நடுவில் போக மாட்டாள். இடது கோட்டை ஒட்டியே ஓடுவாள். கோட்டுக்கும் காலுக்கும் நடுவில் விரல்தான் நுழையும். பிடிக்க வருகிறவர்கள் கோட்டுக்கு வெளியே போய்விடுவோமோ என்று பயந்து தயங்குவார்கள். அந்தத் தயக்கத்தில் தொட்டுவிட்டுத் திரும்பிவிடுவாள்.

"சின்னதுலருந்தே ஓரமாத்தான் நடப்பா" என்று என் வீட்டுக்காரி சொல்வாள். "நடுவுல போனா அம்மா கைக்கு எட்டும்."

முகாமில் பக்கம் மாற்றவில்லை. எட்டு பேரும் வாசல் பக்கம் இருந்தே பாடிப் போனார்கள். அப்படிப் போனால் அவளுடைய இடது கை, கிழக்கு.

ஞாயிற்றுக்கிழமையே கம்பெனியில் இருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் தேர்வு செய்கிற மேடம். பழைய ஆட்டக்காரர். குறைவாகத்தான் பேசுவார். இன்னொருவர் மிஷின் மாட்டுகிறவர். சென்னை. நாற்பது வயது இருக்கும், வழுக்கை. கழுத்தில் மாலை மாதிரி அளவு டேப் போட்டிருந்தார். சுவரில் சுற்றிலும் எட்டு வெள்ளைப் பெட்டிகளை மாட்டினார். ஏணி பிடித்தது நான். அதனால் அவரை மனசுக்குள் பெட்டிக்காரர் என்றே வைத்துக்கொண்டேன்.

ஆடுகிறவர்கள் காலில் ஒரு பட்டை கட்ட வேண்டும். பட்டைக்குள் தீப்பெட்டி அளவு சில்லு. சில்லு எங்கே இருக்கிறது என்று பெட்டிகள் பார்த்துக்கொண்டே இருக்கும். யார் எவ்வளவு ஓடினார்கள், எத்தனை தடவை கோட்டைத் தாண்டினார்கள், எல்லாம் கம்ப்யூட்டரில் வரும்.

"போன்லயே எவன் எங்க இருக்கான்னு காட்டுதே சார். இதுக்கு எதுக்கு இத்தினி பொட்டி?" என்று கேட்டேன்.

"அது வானத்துலருந்து பாக்குதுண்ணே. கூரைக்குக் கீழ வந்துட்டா அதுக்குக் கண்ணு அவிஞ்சிடும். இது உள்ள இருந்தே பாக்கும்."

"எவ்ளோ சுத்தமா பாக்கும்?"

அவர் கையை விரித்துக் காட்டினார். "ஒரு சாண். அதுக்கு மேல தப்பாது."

"என் வூட்டுக்காரி அரை சாண்ல சொல்லுவா சார், நான் எங்க இருக்கேன்னு."

"அவங்கள நம்ம கம்பெனிக்கு அனுப்பிவையுங்க" என்றார். நல்ல மனிதர்.

பிறகு ஒரு பட்டையை எடுத்து மேட்டின் நாலு கோட்டு மூலையிலும் வைத்தார். ஒவ்வொரு மூலைக்கும் கம்ப்யூட்டரைத் தட்டினார். கோர்ட் எங்கே இருக்கிறது என்று மிஷினுக்குச் சொல்லிக் கொடுக்கிறாராம். நாலு மூலை சொல்லிவிட்டால் நடுவில் இருப்பதை அதுவே தெரிந்துகொள்ளும். நானும் பக்கத்தில் நின்று பார்த்தேன். தலையை ஆட்டினேன். புரிந்தது.

அன்று ராத்திரி மழை.

திங்கட்கிழமை விடிகாலையில் நானும் வீட்டுக்காரியும் வந்து மேட்டைக் கழற்றினோம். பாதி வேலையில் அவள் நிமிர்ந்தாள்.

"நேத்து அந்த ஆளு மூலை மூலையா அளந்துக்கினு இருந்தாரே. ஒரு வார்த்தை கேட்டுக்கலாமா?"

"அவரு பொட்டிய சொவுத்துல மாட்டிக்கிறாரு. நான் சொவுத்தயா நகத்துறேன்?"

அவள் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தாள். "அதுவும் சரிதான்" என்றாள்.

இரண்டு பேரும் சேர்ந்து கோர்ட்டை ஒரு முழம் கிழக்கே நகர்த்தினோம்.

எட்டு மணிக்கு எல்லோரும் வந்தார்கள். பெட்டிக்காரர் ஒவ்வொரு காலிலும் பட்டை கட்டச் சொன்னார். என் கொழுந்தியாள் காலை நீட்டி, திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மாமா, என் கலியாணத்துக்கு நீ கொலுசு எடுத்துத் தரேன்னு சொல்லிட்டு, குடம் எடுத்தாந்த. கம்பெனிக்காரன் பாரு, மொத நாளே போட்டுட்டான்."

"குடம் இன்னும் ஒழுவாம இருக்குதில்ல" என்றேன்.

"ஒழுவல் பத்தி நீ பேசாத" என்று என் வீட்டுக்காரி பின்னால் இருந்து சொன்னாள். நல்லவேளை, மெதுவாகத்தான் சொன்னாள்.

ஆட்டம் நடந்தது. நான் கிழக்கு ஓரம் உட்கார்ந்திருந்தேன். யார் விழுந்தாலும் வேர்வையைத் துடைக்க வேண்டும். அதற்குத் துணி. ஒரு தடவை கொழுந்தியாளை ஆறு பேர் சேர்ந்து அமுக்கிவிட்டார்கள். கம்ப்யூட்டரில் அவளுடைய புள்ளி அப்படியே குதித்து, சுவரைத் தாண்டி, கழிவறையில் போய் நின்றது. எல்லோரும் சிரித்தார்கள். உடம்புக்கு அடியில் சில்லு மாட்டிக்கொண்டால் அப்படித்தான் தடுமாறும், ஆள் எழுந்ததும் சரியாகிவிடும் என்று பெட்டிக்காரர் சொன்னார். அவள் எழுந்ததும் சரியாகிவிட்டது. ஆனால் அன்று முழுக்க அவளை மற்ற பெண்கள் விடவில்லை.

"யக்கா, போறதுன்னா சொல்லிட்டுப் போ. நாங்க பாட்டுக்கு உன்னப் புடிச்சிக்கினு இருக்கோம்."

சாயங்காலம் மேடம் கணக்கைப் படித்தார். கொழுந்தியாள் பெயருக்கு எதிரே இருந்ததைப் படிக்கும்போது கொஞ்சம் நிறுத்தினார்.

"பதினோரு தடவை கோட்டுக்கு வெளிய."

"நானா?" என்றாள் கொழுந்தியாள்.

"நான் பார்த்தது ரெண்டு தடவைதான்" என்று மேடம் பெட்டிக்காரரிடம் சொன்னார்.

"கண்ணு ஏமாத்தும் மேடம்."

"முப்பது வருஷம் கோடு பார்த்த கண்ணுங்க."

"பொட்டிக்கு முப்பது வருஷம் தேவையில்ல மேடம். ஒரு சாண்."

மேடத்துக்குக் கோபம்தான். ஆனால் கம்பெனி ஆபீசில் மேடத்தின் கண்ணைப் படிக்க மாட்டார்கள். தாளைத்தான் படிப்பார்கள். புதன்கிழமை மத்தியானம் தாள் போய்விடும். தாளில் இருக்கிற முதல் இரண்டு பேருக்குத்தான் வேலை.

அன்று வீட்டில் கொழுந்தியாள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"கோடு என் காலுக்குத் தெரியும்க்கா. குனிஞ்சிகூட பாக்க மாட்டேன். அது பதினொண்ணுன்னு சொல்லுது."

"மிசினு பொய் சொல்லுமா?" என்றாள் என் வீட்டுக்காரி. "நீ வூட்டுலயே சொன்ன பேச்சத் தாண்டுறவ. கோட்டத் தாண்ட மாட்டியா?"

"மாமா, உன் பொண்டாட்டியப் பாரு."

"பாத்துக்கினுதான் இருக்கேன். பதினஞ்சு வருசமா."

கொழுந்தியாள் சிரித்தாள். ஆனால் தட்டில் சோறு அப்படியே இருந்தது.

செவ்வாய்க்கிழமை அவள் கோட்டுப் பக்கமே போகவில்லை. பயம் வந்துவிட்டது. நடுவில் போனாள். நடுவில் போனால் அவள் இன்னொரு ஆட்டக்காரி, அவ்வளவுதான். நாலு தடவை பிடித்துப் போட்டார்கள். இரண்டு தடவை சும்மா திரும்பி வந்தாள். மேடம் பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நேத்து ஆடின பொண்ணு எங்கம்மா போச்சு?" என்று கேட்டார்.

"கோட்டுக்கு உள்ள இருக்குதுங்க மேடம்" என்றாள் இவள்.

அந்தப் பதில் மேடத்துக்குச் சுருக்கென்று பட்டிருக்க வேண்டும். ஆட்டம் முடிந்ததும் பெட்டிக்காரரைக் கூப்பிட்டார்.

"உங்க மிஷினை எனக்கு இப்ப நிரூபிச்சுக் காட்டுங்க. யாராவது ஒருத்தர் கோட்டு மேலயே நடக்கட்டும். மிஷின் என்ன சொல்லுதுன்னு பார்ப்போம்."

நடக்க ஆள் தேடினார்கள். பெண்கள் எல்லாம் களைத்துப் போயிருந்தார்கள். நான் சும்மா நின்றுகொண்டிருந்தேன். என் காலில் பட்டையைக் கட்டினார்கள்.

"மாமாவுக்குக் கொலுசு நல்லாத்தான் இருக்குது" என்றாள் கொழுந்தியாள். அன்றைக்கு அவள் பேசிய முதல் பேச்சு அது.

கிழக்குக் கோட்டின் மேல் அடிமேல் அடிவைத்து நடந்தேன். கால் விரலுக்கு முன்னால் குதிகால். மேட் போடுகிறவன், கோடு எனக்குப் பழக்கம். பெட்டிக்காரர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் முகம் வாடிவிட்டது. அதில் நான் கோட்டுக்கு வெளியே நடந்துகொண்டிருந்தேன்.

"மறுக்கா நடங்கண்ணே."

நடந்தேன். வெளியேதான்.

"இரும்பு, அதான்" என்றார். "தகரமும் தூணும் சிக்னலைத் திருப்பி அடிக்குது. எக்கோ மாதிரி."

அதன்பிறகு ஒரு மணி நேரம் அரங்கமே தலைகீழாகிவிட்டது. தூண்களுக்குத் தார்ப்பாய் சுற்றினோம். இரும்பு நாற்காலிகளை வெளியே போட்டோம். என் இடுப்புச் சாவிக்கொத்தைக் கழற்றச் சொன்னார். கழற்றினேன். வீட்டுக்காரி வைத்திருந்த எவர்சில்வர் தூக்கைக் கூட வெளியே கொண்டுபோகச் சொன்னார்.

"சோறு உள்ள இருந்தா மிசினுக்கு இன்னா பண்ணும்?" என்று அவள் கேட்டாள்.

"சோறு இல்லம்மா, தூக்கு."

பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. அரைஞாண் வெள்ளியா?" என்று கேட்டார்.

"கயிறு சார்."

"கயிறா" என்றார். அவருக்கு ஏமாற்றம். வெள்ளியாக இருந்திருந்தால் அவருக்கு ஒரு காரணம் கிடைத்திருக்கும்.

மறுபடி நடந்தேன். கிழக்குக் கோட்டில் நடந்தால் வெளியே. மேற்குக் கோட்டில் நடந்தால் உள்ளே. நடுவில் நின்றால் நடுவுக்குக் கிழக்கே. பெட்டிக்காரர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இப்படி இருக்கவே கூடாதுண்ணே. எக்கோன்னா இங்க கம்மியா காட்டும், அங்க ஜாஸ்தியா காட்டும். இது எங்க நின்னாலும் ஒரே அளவு. ஒரே பக்கம். என்னமோ இந்தக் கட்டடத்தையே யாரோ தூக்கி வச்ச மாதிரி."

"எவ்ளோ சார்?"

"நாப்பத்தஞ்சு, நாப்பத்தாறு சென்டிமீட்டர்."

எனக்கு சென்டிமீட்டர் தெரியாது. படிப்பு ஆறாவதோடு சரி. "டேப்புல காட்டுங்க" என்றேன். இழுத்துத் தரையில் வைத்தார். நான் குனிந்து டேப்புக்குப் பக்கத்தில் என் கையை வைத்தேன். முழங்கை இந்த முனையில். நடுவிரல் அந்த முனையில்.

சரியாக இருந்தது.

நிமிர்ந்து பார்த்தேன். மேட்டைத் தாண்டி ஒரு மூலையில் பேனர். பேனருக்குப் பின்னால் வாளி. என் வீட்டுக்காரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எனக்கு முன்னாலேயே தெரிந்துவிட்டது. அவள் முகத்தில் அப்போது இருந்த சிரிப்பைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.

நான் கையை எடுத்துக்கொண்டேன்.

சொன்னால் ஒழுகல் வெளியே வரும். சாவி போய்விடும். மலையை விட்டு இறங்கி வந்து பன்னிரண்டு வருஷம் கழித்துத் திரும்ப மலை ஏற வேண்டும். சொல்லாவிட்டால் பதினொன்று என்கிற தாள் போய்விடும். பெட்டிக்காரர் டேப்பைச் சுருட்டிக்கொண்டே, இந்த மிஷின் சரியில்லை என்று எழுதிக் கொடுத்துவிட வேண்டியதுதான், வேலைக்கும் வேறு இடம் பார்க்க வேண்டியதுதான் என்றார். யாரிடமும் சொல்கிற மாதிரி இல்லை. கூரையைப் பார்த்துச் சொன்னார். கூரை அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தது. நானும் அப்படியே இருந்தேன்.

வீட்டுக்கு நடக்கும்போது கொழுந்தியாள் முன்னால் போனாள். என் வீட்டுக்காரி எனக்குச் சமமாக வந்தாள்.

"சொவுத்தயா நகத்துறேன்னு கேட்டிங்களே" என்றாள்.

நான் நடையை எட்டிப் போட்டேன்.

"நல்லா கேட்டீங்க. நானும் அதுக்கு சரின்னேன் பாரு, என்னச் சொல்லணும்."

இன்னும் கொஞ்ச தூரம் நடந்தோம்.

"இன்னா பண்ணப் போறீங்க?"

"சாவி போயிடும்."

"போனா போவுது. மூணு வேளையும் அந்தச் சாவியையா ஆக்கித் தின்றோம்?" பிறகு முன்னால் போகிறவளைக் காட்டினாள். "அவ பைய இன்னும் பிரிக்கல. பாத்தீங்களா?"

பார்த்திருந்தேன்.

புதன்கிழமை காலை பெட்டிக்காரர் வருவதற்கு முன்பே போய் நின்றேன். அவர் வந்ததும் கூட்டிக்கொண்டு போய்ப் பேனரை விலக்கினேன். வாளியைக் காட்டினேன். கூரையைக் காட்டினேன். மேட்டைக் காட்டினேன். பிறகு என் முழங்கையைக் காட்டினேன்.

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. வாளிக்குள் எட்டிப் பார்த்தார். லுங்கியைப் பார்த்தார்.

"கோர்ட்டையா நகத்துனீங்க?"

"ஆமா சார்."

"மொத்தமா?"

"பாதி நகத்துனா எப்படி சார் ஆடுறது?"

பேனர் மேலேயே உட்கார்ந்துவிட்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. பிறகு எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என் மிஷின் சரிதான். அண்ணே, என் மிஷின் சரிதான்."

"நான் தப்புன்னு சொல்லவே இல்லியே சார்."

"ஒண்ணுமே சொல்லலியே நீங்க. அதான பிரச்சனை."

மேடம் வந்ததும் அவரே சொன்னார். மேடம் என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "எத்தனை வருஷமா இப்படி நகத்துறீங்க?" என்று மட்டும் கேட்டார். நாலு என்றேன். "இதுவரைக்கும் ஒருத்தரும் கண்டுபிடிக்கலையா?" என்றார். இல்லை என்றேன். அவர் பெட்டிக்காரரைப் பார்த்து, "அப்ப உங்க மிஷின் தேவலைதான்" என்றார். அவருக்கு அதுதான் பெரிய சான்றிதழ்.

ஆட்டத்தைத் திரும்ப ஆட வேண்டியதில்லையாம். கோர்ட்டை மிஷினுக்குள்ளேயே ஒரு முழம் கிழக்கே தள்ளிவிட்டால் இரண்டு நாள் கணக்கும் தானாகத் திருந்திவிடும். இரண்டு நிமிஷம் ஆனது. எனக்கும் வீட்டுக்காரிக்கும் ஒரு மணி நேரம் ஆகிற வேலை.

திருத்திய தாளை மேடம் எல்லோர் முன்னாலும் படித்தார். கொழுந்தியாளுக்குப் பதினொன்று போய் இரண்டு நின்றது. மேடம் முதல் நாளே சொன்ன அதே இரண்டு. கண்ணும் சரி, பெட்டியும் சரி. நடுவில் நான் ஒருத்தன்தான் தப்பு.

எல்லோருக்கும் அது சந்தோஷமாக முடியவில்லை. திருநாவலூரில் இருந்து வந்த பெண் மேற்குப் பக்கமாகவே போகிறவள். அவள் கணக்கில் தப்பே இல்லாமல் இருந்தது. திருத்திய பிறகு ஐந்து வந்தது. அவள் ஒன்றும் சண்டை போடவில்லை. அன்று முழுக்க என்னிடம் மட்டும் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை.

அன்றைய ஆட்டத்துக்குக் கொழுந்தியாள் பட்டையைத் தானே கட்டிக்கொண்டாள். குனிந்து கட்டும்போது என்னிடம் கேட்டாள்.

"மாமா, கோடு இப்ப எங்க இருக்குது?"

"கீழதான்."

"நீ ஒண்ணும் நகத்தலியே?"

"போய் ஆடு."

போனாள். பாடிக்கொண்டே கோட்டை ஒட்டிப் போனாள். அந்தப் பக்கம் நின்ற பெண் கையை நீட்டினாள், தயங்கினாள். இவள் தொட்டுவிட்டுத் திரும்பினாள். நான் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள் கால் என் துணிக்கு எதிரே நாலு விரல் உள்ளே விழுந்தது. அப்படியே நாலு தடவை. ஐந்தாவது தடவை போகும்போது பிடிக்க வேண்டிய பெண்ணே சிரித்துவிட்டாள். மத்தியானம் தாள் போனது. அதில் இவள் பெயர் இரண்டாவதாக இருந்தது.

மில்லுக்காரர் அன்று சாயங்காலமே வந்தார். மேடம் போகும்போது அவருக்குப் போன் செய்து, அடுத்த வருஷம் வரும்போது மேற்கு மூலைத் தகரம் புதுசாக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"ஒழுகுதுன்னு அவங்களுக்கு யாருடா சொன்னது?"

"மிசினுங்க" என்றேன்.

மில்லுக்காரர் சுவரைப் பார்த்தார். பெட்டிகளைக் கழற்றியாகிவிட்டது. ஆணி அடித்த ஓட்டை மட்டும் எட்டு இருந்தது.

"ஆட்டத்தப் பாக்குற மிசின்னுதான சொன்னாங்க. கூரையையுமா பாக்குது?"

"எல்லாத்தையும் பாக்குதுங்க. ஒரு சாண் தப்பாம."

அவர் மறுபடி அந்த ஓட்டைகளைப் பார்த்தார். பிறகு தலையை ஒரு மாதிரி துண்டால் மூடிக்கொண்டு வெளியே போனார். அந்த வாரமே தகரம் மாறியது. என்னிடம் சாவி கேட்கவில்லை. நான் பொய் சொல்லியிருக்கலாம் என்று அவர் நினைக்கவே இல்லை. நான் அவ்வளவு பேசுகிற ஆள் இல்லை என்று அவருக்குத் தெரியும்.

வியாழக்கிழமை காலை கொழுந்தியாளை பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மலைக்குப் போய்ப் பிள்ளையைப் பார்த்துவிட்டு, கம்பெனிக்குப் போக வேண்டும். என் வீட்டுக்காரியும் வந்தாள். வெள்ளிமலை பஸ் நின்றுகொண்டிருந்தது. கொழுந்தியாள் ஜன்னல் ஓரமாக இடம் பிடித்து உட்கார்ந்தாள். வெளியே தலையை நீட்டினாள்.

"மாமா."

"இன்னா?"

"அந்த ரெண்டு தடவையும் நான் அவுட் இல்ல."

"சரி."

"இன்னா சரி? நீ பக்கத்துலதான உக்காந்துக்கினு இருந்த. பாத்தியா, இல்லியா?"

பார்த்தேன். இரண்டையும் பார்த்தேன். முதல் தடவை குதிகால் முழுசாக வெளியே இருந்தது. இரண்டாவது தடவை பாதமே வெளியே. மேடம் பார்த்தார், மிஷின் பார்த்தது, நானும் பார்த்தேன்.

"தொடச்சிக்கினு இருந்தேன்" என்றேன். "கவனிக்கல."

"பொய் சொல்ற."

என் வீட்டுக்காரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். பஸ் கிளம்பியது.

இப்போது அவள் கம்பெனியில்தான் இருக்கிறாள். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். தினமும் காலில் பட்டை கட்டித்தான் ஆடுகிறாளாம். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள். அக்காவிடம் ஒரு மணி நேரம் பேசுவாள். பிறகு என்னிடம் கொடுக்கச் சொல்வாள். நல்லா இருக்கியா என்று கேட்க மாட்டாள். அந்த இரண்டைத்தான் கேட்பாள். நான் துடைத்துக்கொண்டிருந்தேன் என்றே சொல்லிக்கொண்டு வருகிறேன்.